மருதையாற்றுப் பாலம் நடத்தும் வகுப்பு: அரியலூர் ரயில்பாதையும் அதைக் காத்த மனிதர்களும்

டிஎன்பிஎஸ்சி, ரயில்வே தேர்வு என்று எந்தப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவரைக் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் டக்கென்று வரும். "எந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்?" விடை: அரியலூர், 1956. ஒரு மதிப்பெண். அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஆறு இருக்கிறது, ஒரு பாலம் இருக்கிறது, தண்டவாளத்தோடு வாழ்ந்த ஒரு சின்ன சமூகம் இருக்கிறது. அமைச்சர் பெயர் நமக்கு மனப்பாடம். பாலம் ஏன் விழுந்தது, விழாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்று கேட்டால் பொறியியல் படிக்கிற நாமே முழிக்கிறோம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மாணவர்களுக்கு இது சொந்த ஊர்க் கதை. மற்றவர்களுக்கு ஒரு நல்ல சிவில் பாடம். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கார்டு லைன் எப்படி வந்தது?

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போக இரண்டு வழி உண்டு. விழுப்புரம் வந்ததும் பாதை பிரியும். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிப் போவது மெயின் லைன். விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர், லால்குடி வழியாக நேராகத் திருச்சிக்குப் போவது கார்டு லைன். வட்டத்தின் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் 'நாண்' என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அதே 'கார்டு'தான் இது.

மெயின் லைன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. நெல் விளையும் ஊர், கோயில் ஊர், துறைமுகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனால் ரயிலும் முதலில் அங்கேதான் போனது. அரியலூர்ப் பக்கம் மானாவாரி நிலம். மழையை நம்பிக் கம்பும் சோளமும் கடலையும் போடுகிற பூமி. சௌத் இந்தியன் ரயில்வே 1920களின் இறுதியில்தான் இந்த மீட்டர் கேஜ் கார்டு பாதையைப் போட்டது. எழும்பூரிலிருந்து திருச்சிக்கு இந்த வழியில் 336 கி.மீ. மெயின் லைனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 60 கி.மீ. மிச்சம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பாதை அரியலூருக்காகப் போடப்படவில்லை. சென்னையும் தென்மாவட்டங்களும் சீக்கிரம் இணைய வேண்டும் என்பதற்காகப் போடப்பட்டது. வழியில் இருந்ததால் அரியலூருக்கு ஸ்டேஷன் கிடைத்தது. முப்பது கி.மீ. மேற்கே இருந்த பெரம்பலூருக்குக் கிடைக்கவில்லை. சர்வே வரைபடத்தில் அன்று இழுத்த ஒரு கோடு, நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் இரண்டு ஊர்களின் கதையை வேறுவேறாக எழுதிக்கொண்டிருக்கிறது.

ஸ்டேஷனைச் சுற்றி ஒரு ஊர்

செந்துறை, ஒட்டக்கோவில், சில்லக்குடி, கல்லகம். எக்ஸ்பிரஸ் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் கடந்துபோகிற ஸ்டேஷன்கள். நீராவி எஞ்சின் காலத்தில் இப்படிப்பட்ட ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு குட்டி ஊராக இயங்கியது.

ஒற்றைப் பாதை என்பதால் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சிதான் டோக்கன். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மின்கம்பி வழியாக ஒப்புக்கொண்டால்தான் கருவியிலிருந்து டோக்கன் வெளியே வரும். அதைப் பையில் போட்டு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். நீங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் படிக்கிற 'மியூச்சுவல் எக்ஸ்குளூஷன்' இதுதான். இரும்பிலும் வளையத்திலும் செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவே.

ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், போர்ட்டர், கேட் கீப்பர் எல்லாரும் நம் கண்ணில் படுகிறவர்கள். படாதவர்கள் கேங்மேன்கள். சில கி.மீ.க்கு ஒரு கேங், அதற்கு ஒரு மேஸ்திரி, ஒரு கீமேன். கீமேன் வேலை எளிமையாகச் சொன்னால் நடப்பது. தினமும் தன் எல்லை முழுக்கத் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற சாவியைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஸ்பேனர், சுத்தியல். இவ்வளவுதான் அவர் ஆயுதம்.

இந்தப் பகுதியில் பல இடங்களில் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே இருக்கிற தண்டவாளமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜல்லியைக் கிளறி, மட்டம் பார்த்து, திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதுதான் கேங்குக்கு வருஷம் பூரா வேலை. இன்று இவர்களுக்கு 'டிராக் மெயின்டெய்னர்' என்று பெயர் மாறியிருக்கிறது. வெயில் மாறவில்லை.

மழை பொய்த்தால் வருமானமும் பொய்க்கிற பூமியில், மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன் என்பது பெரிய விஷயம். இந்தக் கிராமப்புறக் குடும்பங்களுக்கு ஒரு நிலையான வேலையின் வாசலைத் திறந்துவிட்டது ரயில்வே. அதே பாதையின் தென்முனையில் பொன்மலை ஒர்க்‌ஷாப் இருந்தது. உரிமை கேட்டுப் போராடக் கற்றுக்கொடுத்த இடம் அது. 1946 செப்டம்பர் 5-ல் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

கல்லும் ரயிலும்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில், இந்த நிலம் கடலுக்கடியில் இருந்தது. அம்மோனைட் தொடங்கிப் பலவகைக் கடல் உயிரிகளின் படிமங்கள் இங்கே கிடைப்பது அதனால்தான். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் இருக்கிறது. அரியலூர் பக்கம் வாரணவாசியில் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். அந்தக் கடல் விட்டுப்போன இன்னொரு சொத்து சுண்ணாம்புக்கல்.

சுண்ணாம்புக்கல் மட்டும் இருந்தால் சிமென்ட் ஆலை வந்துவிடாது. நிலக்கரி உள்ளே வர வேண்டும், மூட்டை வெளியே போக வேண்டும். இரண்டுக்கும் ரயில் வேண்டும். பாதை வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், 1939-ல், கல்லக்குடியில் டால்மியா ஆலை தொடங்கியது. ஸ்டேஷன் பெயரும் டால்மியாபுரம் ஆனது. ஊர்ப் பெயர் எங்கே போயிற்று என்ற கேள்வி 1953 ஜூலை 15-ல் போராட்டமாக வெடித்தது. மு. கருணாநிதி தலைமையில் தி.மு.க.வினர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். பின்னாளில் பெயர்ப்பலகையில் கல்லக்குடி திரும்பி வந்தது. ஒரு கிராமத்து ஸ்டேஷனின் பெயர்ப்பலகை தமிழக அரசியலின் திருப்புமுனைகளில் ஒன்றானது இப்படித்தான்.

1979-ல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை, அதன் பிறகு தனியார் ஆலைகள் என்று வரிசையாக வந்தன. இன்று அரியலூரை 'சிமென்ட் சிட்டி' என்கிறோம். அந்தப் பெயரில் பாதி கல்லுக்குச் சொந்தம், மீதி தண்டவாளத்துக்குச் சொந்தம்.

1956 நவம்பர் 23

இப்போது அந்த இரவுக்கு வருவோம். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. விடிந்தால் 23. பயணிகள் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலை நேரத்தில், அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போன ரயில் மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளத்தால் பலவீனப்பட்டிருந்த பாலம் தாங்கவில்லை. எஞ்சினும் அதையடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. சுமார் 150 பேர் இறந்தார்கள்.

மருதையாறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் பிறந்து, அரியலூர்ப் பகுதியைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கிற காட்டாறு. மேலே மலையடிவாரத்தில் அடைமழை பெய்தால் சில மணி நேரத்தில் கீழே பொங்கிவிடும். ரயிலே பார்க்காத பெரம்பலூர்ச் சீமையில் விழுந்த மழைத்தண்ணீரும் கலந்துதான் அன்று அரியலூர் பாலத்தின் கீழே ஓடியது. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பவருக்கு மேலே எவ்வளவு மழை என்று தெரியாது. 1956-ல் அதைச் சொல்ல செல்போனும் இல்லை, சென்சாரும் இல்லை.

பாலம் எப்படி விழுகிறது?

'வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது' என்று செய்தியில் படிக்கும்போது, தண்ணீர் பாலத்தைத் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான பாலங்கள் அப்படி விழுவதில்லை. தண்ணீர் பாலத்தின் காலடி மண்ணைத் தின்றுவிடுகிறது. இதற்குப் பெயர் 'ஸ்கவர்', தமிழில் மண்ணரிப்பு. ஓடிவரும் தண்ணீர் தூணில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, தூணைச் சுற்றிச் சுழலாகி மண்ணைத் தோண்டும். கரையோர அபட்மென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்கரையும் இப்படி அரித்துப்போகலாம். மேலே தண்டவாளம் நேராகத்தான் தெரியும். கீழே ஒன்றும் இருக்காது.

இதைக் கணக்கிட நாம் படிக்கிற லேசி சூத்திரம் இருக்கிறது. வெள்ளப் பாய்ச்சலை மண்ணின் வண்டல் காரணியால் வகுத்து, கனமூலம் எடுத்து, 0.473 ஆல் பெருக்க வேண்டும். ஒரு கற்பனை ஆற்றை எடுத்துக்கொள்வோம் (மருதையாற்றின் அளவு இல்லை, கணக்குக்காக மட்டும்). பாய்ச்சல் வினாடிக்கு 1000 கனமீட்டர், வண்டல் காரணி 1. ஆயிரத்தின் கனமூலம் 10. ஆக அரிப்பு ஆழம், வெள்ள மட்டத்திலிருந்து கீழே 4.73 மீட்டர். தூணின் மூக்கில் இதை இரண்டு மடங்காக எடுக்கச் சொல்கிறது ரயில்வே விதி. கிட்டத்தட்ட 9.5 மீட்டர். அஸ்திவாரம் அதற்கும் கீழே போயாக வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். இந்த 1000 கனமீட்டருக்கு ஆறு இயல்பாகக் கேட்கிற அகலம், லேசி கணக்குப்படி, பாய்ச்சலின் வர்க்கமூலத்தை 4.83 ஆல் பெருக்கினால் வரும். சுமார் 153 மீட்டர். செலவைக் குறைக்கிறேன் என்று பாலத்தை 100 மீட்டரிலேயே முடித்தால் என்ன ஆகும்? மீட்டருக்கு 10 கனமீட்டர் வீதம் தண்ணீர் நெருக்கிக்கொண்டு போகும். அதன் வர்க்கம் 100, கனமூலம் 4.64, அதை 1.338 ஆல் பெருக்கினால் 6.2 மீட்டர். தூண் மூக்கில் 12.4 மீட்டர். அகலத்தில் மிச்சம் பிடித்ததை ஆறு ஆழத்தில் வசூலித்துவிடும். பரீட்சைக்கு இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும், மீதிச் சூத்திரம் தானாக வரும்.

ராஜினாமா பாதிதான்

1956 செப்டம்பர் தொடக்கத்தில்தான் மகபூப்நகரில் இதே போல ஒரு பால விபத்து நடந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. மூன்றே மாதத்தில் அரியலூர். இந்த முறை சாஸ்திரி உறுதியாக நின்றார். விபத்துக்கு அவர் நேரடிக் காரணம் இல்லை என்றாலும், பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்று சொல்லி நேரு ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன் தமிழ்நாட்டுக்காரர். 1957 தேர்தல் மேடைகளில் அரியலூர் விபத்து அவர்மேல் வைக்கப்பட்ட பெரிய விமர்சனமானது.

சாஸ்திரி செய்தது பெரிய செயல், சந்தேகமே இல்லை. ஆனால் ராஜினாமாக் கடிதம் எந்தத் தூணின் அஸ்திவாரத்தையும் ஒரு அடிகூட ஆழப்படுத்தாது. மேலே இருப்பவர் பொறுப்பேற்பது ஒரு பாதி. அடுத்த மழைக்குள் கீழே என்ன மாற்றினோம் என்பது மறுபாதி. நம் பொது அறிவுப் புத்தகங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. மறுபாதி நம்ம சிலபஸ்.

அதுவும் பழங்கதை இல்லை. 2005 அக்டோபர் 29-ல் ஆந்திராவின் வலிகொண்டாவில் வெள்ளம் தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்துப்போய் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே மேலே ஏரி உடைந்ததும் சேர்ந்துகொண்டது. நம் பகுதியில் எத்தனை ஏரிகள் என்று யோசித்துப் பாருங்கள். பாதைக்கு மேற்புறம் இருக்கிற ஒவ்வொரு ஏரிக்கரையும் ரயில் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

மழை இரவில் நடக்கிறவர்

மழைக்காலத்தில் ரயில்வேயில் பாட்ரோல்மேன் என்று ஒருவர் இரவில் பாதையோடு நடப்பார். ஆபத்தான பாலங்களில் வாட்ச்மேன் நிற்பார். பாலத்தூணில் அபாய மட்டம் கோடு போட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் ரயிலை நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது? பாதையில் டெட்டனேட்டர் வைப்பார்கள். சக்கரம் ஏறினால் 'டமார்' என்று வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. மீட்டர் கேஜில் 400, 800.

ஏன் இவ்வளவு தூரம்? பிரேக் வேகக்குறைப்பு 0.4 மீட்டர்/வினாடி² என்று வைத்துக்கொண்டு நம்ம பழைய இயக்கச் சமன்பாட்டைப் போடுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நிற்க ஏறத்தாழ 350 மீட்டர். 100 கி.மீ. என்றால் ஏறத்தாழ 965 மீட்டர். இருட்டில் எஞ்சின் விளக்கு வெளிச்சத்தில் உடைந்த பாலம் கண்ணில் பட்டபின் பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும். அதாவது, டிரைவர் பார்க்க முடியாததை அவருக்கு முன்பே ஒரு மனிதர் நடந்துபோய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கொட்டும் மழையில், கையில் விளக்கோடு. மொத்த ரயிலின் உயிரும் அந்த நடையில் இருக்கிறது.

இன்றைக்கு

அந்த மீட்டர் கேஜ் பாதை இன்று அகலப் பாதை, மின்பாதை, இரட்டைப் பாதை. டோக்கன் வளையம் போய்விட்டது. கேங் குடியிருப்புகள் பல இடங்களில் பாழடைந்து கிடக்கின்றன. பெரம்பலூர் 1995-ல் மாவட்டத் தலைநகர் ஆகியும் ரயில் நிலையம் இல்லை. நாமக்கல், ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர் வழியாகப் பாதை கேட்டுப் பல ஆண்டுகளாகக் கோரிக்கை இருக்கிறது. அதுவரை பெரம்பலூர் மாணவனுக்கு நாலு வழிச்சாலைப் பஸ்தான் கதி. ரயில் வேண்டுமென்றால் அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிக்க வேண்டும்.

இன்னொரு தகவல். அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, கடைசியில் தனியாகப் பிரிந்த நாள் 2007 நவம்பர் 23. விபத்து நடந்ததும் நவம்பர் 23. தற்செயல்தான். ஆனால் மாவட்டம் பிறந்த நாளைக் கொண்டாடுகிறவர்கள் அன்றைக்கு ஒரு நிமிஷம் மருதையாற்றையும் நினைத்துக்கொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியது என்ன? சிவில் துறையினர் ஊரில் உள்ள ஒரு சின்னப் பாலத்துக்காவது இந்த லேசி கணக்கைப் போட்டுப் பாருங்கள், மினி புராஜெக்ட் ரெடி. மின்னணுத் துறையினர் குறைந்த செலவில் ஆற்று மட்டம் அளக்கும் சென்சார் செய்து, மேல்பகுதி மழை அளவோடு இணைத்துப் பாருங்கள். 1956-ல் இல்லாமல் போனது அந்த ஒரு தகவல்தான். எந்தத் துறையும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு கேங்மேனோ கேட் கீப்பரோ இருப்பார். அவரிடம் உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கிக் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்த இடத்தில் மண் இறங்கும், எந்த ஓடை முதலில் பொங்கும் என்று அவருக்குத் தெரிந்தது பல எந்த வரைபடத்திலும் இருக்காது. அதை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுவோம்.